ஒல்லாந்து எழுத்தாளர் எனக்கு எழுதித்தந்த ஒரு பக்கம்

ஜெசிந்தா, அன்ரன்,

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது நீங்கள் இருவரும் என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "வீட்டை போய்க் கதைப்பம்" என்றேன். வீட்டுக்குப் போனதும் கோழிக்கறி வந்தது, பிறகு கால்பந்து வந்தது, கதை வரவில்லை. அதனால் பத்திரிகைத் தொடரின் இந்தக் கிழமைப் பகுதியை உங்களுக்கே எழுதுகிறேன். பல்லாரோ சந்தையில் நான் மீன் வெட்டிய கதையின் மிச்சத்தை எதிர்பார்த்திருக்கும் வாசகர்கள் கோபிக்காமல் பக்கத்தில் இருந்து கேட்கலாம்.

கேள்வி இதுதான். ஜெசிந்தா பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு தடித்த நாவல் கொண்டுவந்திருக்கிறாள். ஒல்லாந்து மொழியில் எழுதி, இத்தாலியனுக்கு மாற்றியது. பலேர்மோவில் ஒரு வயதான எழுத்தாளர். அவர் வீட்டில் தொம்மாசோ என்று ஒரு தமிழ் வேலையாள். அந்த ஆள் சட்டை மடிக்கும்போது கழுத்துப்பட்டியை நாடியால் அமத்திப் பிடிக்கிறான். சட்டையைத் தேய்த்து ஸ்திரிக்கை போடும்போது மாதா பாட்டை மூக்கால் பாடுகிறான்.

"பாப்பா, அது நீங்கள்தானே?" என்றாள் ஜெசிந்தா. இங்கத்தைப் பிள்ளைகளுக்கு அப்பா, பாப்பாதான்.

"கடைசியிலை அவன் செத்துப்போறானாம். நீங்கள் வீவோ தானே?" என்றான் அன்ரன். உயிரோடு என்பதற்கு அந்த நேரத்தில் அவனுக்குத் தமிழ் வரவில்லை.

ஓம், அது நான்தான். ஒல்லாந்தில் நான் செத்துச் சில வருடங்கள் ஆகின்றன. அங்கே பலர் அழுதார்களாம். நான் செத்த விதத்தையும், அப்படிச் செத்தபடியால்தான் நீங்கள் இன்றைக்கு இங்கே இருக்கிறீர்கள் என்பதையும் சொல்கிறேன்.

ஸ்திரிக்கை போட்ட நாள்

ஆனி மாதம் என்று நினைக்கிறேன். ஆபிரிக்காப் பக்கமிருந்து சூட்டுக்காற்று வீசி, பல்லுக்குள் மண் அரைபட்ட நாள். லிபெர்த்தா வீதியில், நாலாம் மாடியில், யன்னல் பலகைகளையெல்லாம் சாத்திவிட்டு அரை இருட்டில் நான் சட்டைகளோடு நின்றேன்.

அந்த எழுத்தாளர், கோர்னேலிஸ், குசினி வாசலில் வந்து நின்றார். வெறுங்கையோடு வந்தால் அவருக்குக் கோப்பி வேண்டும் என்று அர்த்தம். பேனையோடு வந்தால் எனக்குத் தொந்தரவு என்று அர்த்தம். அன்றைக்குப் பேனை காதில் இருந்தது.

"பெனெதெத்தோ, ஒன்று கேட்கவேண்டும். இரும்."

"கையிலை சூட்டுப்பெட்டி, சிஞ்ஞோரே. நிண்டுகொண்டே கேக்கிறன்."

"நான் உம்மைக் கொல்ல வேண்டியிருக்கிறது."

வேறு வீட்டில் வேறு சிஞ்ஞோர் இப்படிச் சொல்லியிருந்தால் சூட்டுப்பெட்டி என் கையைவிட்டுப் பறந்திருக்கும். இவர் சொன்னபடியால் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எப்ப?" என்று கேட்டேன்.

"நானூறாம் பக்கத்துக்குக் கிட்ட."

சூட்டுப்பெட்டியை இந்த இடத்தில் நிமிர்த்தி வைக்கிறேன். ஆள் யார் என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

ஒல்லாந்தர் விட்டுப்போனவை

மன்னாரில் ஒல்லாந்தர் இருந்த கோட்டையை நான் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கள் வேதக்காரரைப் படுத்தின பாட்டை மறைக்கல்வி வகுப்பில் படித்துமிருக்கிறேன். அதனால் கோர்னேலிஸ் முதல் நாளில், தான் ஒல்லாந்து தேசத்தான் என்று சொன்னபோது, 'திரும்பவும் வந்திட்டாங்கள்' என்றுதான் மனதில் ஓடியது. ஆனால் இந்தமுறை வீட்டுத் திறப்பு என் கையில் இருந்தது.

ஒருநாள் அவருக்கு இதைச் சொன்னேன். உங்கள் சொற்கள் இரண்டை எங்கள் ஊரில் இன்னும் வைத்திருக்கிறோம் என்றேன். ஒன்று கந்தோர், அதாவது அலுவலகம். அதைக் கேட்டதும் காணாமல்போன தம்பியைக் கண்டதுபோல எழும்பி நின்றார். மற்றது கக்கூசு. அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் திரும்ப இருந்துவிட்டார்.

"அவ்வளவு காலம் ஆண்டுவிட்டு, விட்டுப்போனது இது இரண்டும்தானா?"

"ஓம் சிஞ்ஞோரே. இரண்டுக்கும் முன்னாலை வரிசையிலை நிக்கவேணும்."

அவர் பிறந்தது கடலைவிடத் தாழ்வான ஒரு ஊரில். தகப்பனாருக்குப் படகு வரும்போது பாலத்தைத் திறந்து மூடும் வேலை. கோர்னேலிஸ் ஏழாவது பிள்ளை. முதலில் கவிதை எழுதினார், எல்லாம் மழையைப் பற்றி. வருடம் முழுக்க மழை பெய்யும் நாட்டில் மழையைப் பற்றி எழுதியும் பெயர் எடுத்தார் என்றால் கெட்டிக்காரர்தான்.

பிறகு நாவலுக்கு வந்தார். முதல் நாவலில் தகப்பனை எழுதினார். சகோதரங்கள் கதைப்பதை நிற்பாட்டின. இரண்டாவதில் மனைவியை எழுதினார். அவர் போய்விட்டார். மூன்றாவதில் மனைவி போனதை எழுதினார். அதற்குப் பரிசு கிடைத்தது. இந்த மூன்றையும் வாசித்த பிறகும் ஒரு அம்மா அவரைக் கலியாணம் கட்டினார். அந்தத் துணிவுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. நாலாவது நாவல் வந்தபோது அவரும் போய்விட்டார்.

ஐந்தாவதை எழுதி முடிக்க வெயில் வேண்டும் என்று மூன்று மாதத்துக்குப் பலேர்மோ வந்தவர், பன்னிரண்டு வருடம் நின்றார். வெயிலுக்கு வந்தவர் யன்னலையெல்லாம் சாத்தி வைத்துக்கொண்டு திரும்பவும் மழையைப் பற்றித்தான் எழுதினார். கீழ்வாசல் காவல்காரர் அவரைப் 'பிரொஃபெசோரே' என்று கூப்பிடுவார். அவர் யாருக்கும் எதையும் படிப்பித்ததில்லை. முட்டை அவிக்கக்கூட நான்தான் அவருக்குப் படிப்பித்தேன். அதிலும் சித்தியடையவில்லை.

ஒருமுறை ஒல்லாந்திலிருந்து ஒரு பத்திரிகைக்காரி படம் எடுக்க வந்தாள். அவள் எழுதியதைக் கோர்னேலிஸ் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். 'அந்த வீட்டில் ஒரு கீழைத்தேயத்து மனிதன் ஆழ்ந்த மௌனத்தோடு நடமாடுகிறான்' என்று இருந்தது. அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்வலி.

என் வேலையில் முக்கியமானது அவருடைய குப்பைக்கூடை. ஒரு நாளைக்கு இருபது தாள் எழுதினால் பத்தொன்பதைக் கசக்கிப் போடுவார். ஒரு சொல் சரிவராவிட்டால் முழுப் பக்கமும் போய்விடும். இதை நினைவில் வைத்திருங்கள்.

வெளிச்சம் களைக்கும் வரை

அந்தக் காலத்தில் நீங்கள் அம்மாவோடு கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தீர்கள். உங்களை இங்கே கூப்பிடுவதற்குக் குவெஸ்தூராவில் தாள்கள் கொடுக்கவேண்டும். குவெஸ்தூரா என்றால் பொலிஸின் பெரிய கந்தோர். இந்த நாட்டில் இருக்க அனுமதிக்கும் பெர்மெசோ இருந்தது, வீட்டு உறுதி இருந்தது. குறைந்தது ஒரே ஒரு கடிதம். 'இந்த ஆள் என் வீட்டில் இத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார்' என்று முதலாளி எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். மற்றவர்களின் சிஞ்ஞோராக்கள் அதை நின்ற நிலையில், தொலைபேசியில் கதைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த ரோசலின் அக்கா, உங்களுக்கு இப்போது ரோசலின் மாமி, வாய்விட்டே பொறாமைப்பட்டார்.

"உமக்கென்ன தம்பி, புத்தகம் எழுதிற மனிசனிட்டை வேலை. ஒரு கடிதம் எழுதிறது அவருக்குக் கச்சான் கொறிக்கிற மாதிரி."

கச்சான் கொறிக்க அவருக்கு மூன்று கிழமை பிடித்தது. வந்தது மூன்று பக்கம்.

குவெஸ்தூரா அதிகாரி முதல் பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, என் கைகள் சட்டை மடிப்பதைப் பற்றிய பகுதியை உரத்து வாசித்துக் காட்டினார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா கைதட்டினார். நான் உங்கள் மூன்று பேருக்கும் விமானச் சீட்டே எடுத்துவிட்டேன், மனதில்.

"அருமையாய் இருக்கு. ஆனா இதிலை நீ எத்தினை மணித்தியாலம் வேலை செய்யிறாய்?" என்றார் அதிகாரி.

இருவருமாகத் தேடினோம். இரண்டாம் பக்கத்தில் கிடைத்தது. 'விடியலிலிருந்து, வெளிச்சம் களைக்கும் வரை.'

"வெளிச்சம் எத்தினை மணிக்குக் களைக்கும்?"

"கோடையிலையோ, மாரியிலையோ?" என்று கேட்டேன்.

அவர் தாள்களை மடித்து என் கையில் தந்தார். "இது உண்மையெண்டா நான் முதலிலை உன்ரை முதலாளியைப் பிடிக்கவேணும். ஒழுங்கான கடிதம் கொண்டு வா. மாத முடிவுக்குள்ளை வராட்டி கோப்பை மூடுவம். பிறகு எல்லாம் முதலிலையிருந்து."

முதலிலிருந்து என்றால் இன்னும் ஒரு வருடம், சில வேளை இரண்டு.

நடந்ததைக் கோர்னேலிஸுக்குச் சொன்னேன். கடிதம் நீளம் என்றேன். உடனே சுருக்கித் தருகிறேன் என்றார். நாலு நாள் கழித்துத் தந்தார். பதினொரு வரி. வரிகள் பாதியில் முறிந்து முறிந்து கீழே இறங்கின. அதைக் குவெஸ்தூராவுக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்றாவது கடிதம் வரவே இல்லை. காலையில் கேட்டால், "அந்த முதல் வசனம் வரமாட்டேன் என்கிறது" என்பார். ஆனால் அறைக்குள் தட்டச்சு ஓடிக்கொண்டே இருந்தது. குப்பைக்கூடையும் நிறைந்தது. பிறகுதான் விளங்கியது. என் கைகளைப் பற்றி எழுதியதில் ஆளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நான் கேட்டது ஒரு கடிதம். அவர் தொடங்கியது ஒரு நாவல்.

இதற்கிடையில் அம்மாவின் கடிதம் வந்தது. 'கொழும்பிலை தங்கிறதுக்கான பொலிஸ் பதிவு இந்த மாதத்தோடை முடியுது. வீட்டுக்காரி இனி நீட்டித் தரமாட்டாவாம். ஜெசிந்தா விசாவுக்கு எடுத்த படத்தை நெஞ்சிலை குத்திக்கொண்டு திரியிறாள். சின்னவன் தபால்காரனை அப்பா எண்டு கூப்பிடுறான்.'

அந்தக் கடிதம் பொக்கெற்றுக்குள் இருக்கும்போதுதான் நான் ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு நின்றேன். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

நாங்கள் செய்த ஒப்பந்தம்

"நான் ஏன் சாகவேணும்?" என்று கேட்டேன்.

"நீர் இல்லை, தொம்மாசோ. மனைவியும் பிள்ளைகளும் கப்பலில் வருவார்கள் என்று ஒவ்வொரு நாளும் துறைமுகத்துக்குப் போகிறான். ஒருநாள் அங்கேயே ஒரு வாங்குப் பலகையில் இருந்தபடி இருதயம் நின்றுவிடுகிறது."

"மனிசியும் பிள்ளையளும்?"

"வருவதில்லை."

"ஏன் வரேல்லை?"

"வந்தால் நாவல் முடிந்துவிடும், பெனெதெத்தோ."

"முடியட்டுமே."

"இல்லை. வராவிட்டால்தான் உண்மையாக இருக்கும்." மிகவும் கவலையோடுதான் சொன்னார். தொம்மாசோவின் பிள்ளைகளுக்காக அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் பிள்ளைகளுக்காக ஒரு பக்கம் எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கருகல் மணம் வந்தது. சூட்டுப்பெட்டி கழுத்துப்பட்டியில் மண்ணிறமாகத் தன் மூக்கைப் பதித்துவிட்டிருந்தது. அந்த வீட்டில் நான் எரித்த ஒரே சட்டை அதுதான்.

"சிஞ்ஞோரே, என்னைக் கொல்லுங்கோ. வாங்கிலை கொல்லுங்கோ, கடலிலை தள்ளுங்கோ, உங்கடை விருப்பம். ஆனா முதலிலை கடிதம். நாளைக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதவேணும். அது முடியாமல் நான் சாகமாட்டன்."

"நீர் சொல்ல, நானா?"

"ஓம்."

அவர் காதிலிருந்த பேனையை எடுத்து என்னைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார். "அறுபத்தெட்டு வயதில் ஒரு ஆசிரியர் கிடைத்திருக்கிறார்" என்றார்.

பைபிளுக்குள் இருந்த கடிதம்

அன்றைக்குப் பின்னேரம் பல்லாரோ சந்தையின் பின் ஒழுங்கையால் ரோசலின் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்காவிடம் ஒரு 'பாஸான' கடிதம் இருந்தது. அவருடைய சிஞ்ஞோரா, ஒரு மருந்துக்கடைக்காரரின் மனைவி, எழுதியது. குவெஸ்தூரா ஒரே தடவையில் ஏற்றுக்கொண்ட கடிதம். அக்கா அதன் பிரதியைப் பைபிளுக்குள், சங்கீதங்களுக்கு நடுவில் வைத்திருந்தார். வெளியே கொடுக்கமாட்டார். அங்கேயே இருந்து, கையால் பார்த்து எழுதவேண்டும், நவநாள் செபம் எழுதுவதுபோல. அப்போது பலேர்மோவில் குடும்பமாக வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்தச் சங்கீதத்தால் வந்தவர்கள்.

"ஒரு எழுத்தும் மாத்தாதையும். மாத்தினவையின்ரை ஒண்டும் பாஸாகேல்லை" என்றார் அக்கா.

அந்த சிஞ்ஞோரா இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை விட்டிருந்தார். பிழைகளையும் சேர்த்தே எல்லோரும் எழுதினோம். திருத்தினால் பலன் போய்விடும் என்று பயம். கிளெமென்ற் அண்ணன் இன்னும் பயந்தவர். பெயரையும் தெருவையும்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டுபோய், மருந்துக்கடைக்காரரின் வீட்டில் வேலை செய்வதாகவே கொடுத்துவிட்டார்.

அடுத்தநாள் காலை கோர்னேலிஸ் மேசையில் இருந்தார். நான் பின்னால் நின்று சொன்னேன்.

"கீழே ஒப்பமிடும் நான்…"

"யார் இது? இப்படி ஒரு மனிதரும் பேசுவதில்லை."

"பேசவேண்டாம். எழுதுங்கோ."

எழுதினார். பிழையான சொல் வந்தபோது பேனை நின்றது. இதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்றேன். பரிசு வாங்கிய கை, இரண்டு பிழையையும் அச்சொட்டாக எழுதியது.

"ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம்."

"நீர் ஒன்பது மணித்தியாலம் இங்கே நிற்கிறீர்."

"மிச்சம் நாலும் நாங்கள் கதைக்கிறது, சிஞ்ஞோரே."

பேனை திரும்பவும் நின்றது. பிறகு அவர், கடைக்காரனிடம் இனிப்புக் கேட்கும் பிள்ளை மாதிரி, "முடிவில் ஒரு வசனம் நானாக எழுதட்டுமா? ஒன்றே ஒன்று" என்றார்.

அக்காவின் கடிதத்தில் இல்லாத வசனம். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் நான் எரித்த அவருடைய கழுத்துப்பட்டி நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

எழுதினார்: 'இவர் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குக் கதைக்க ஆள் இல்லை.'

கசக்கிப் போடவில்லை. ஒரே தரத்தில் எழுதினார்.

குவெஸ்தூராவில் அதே அதிகாரி. வாசிக்க வாசிக்க அவர் முகம் தெளிந்தது. "பாத்தியா? இதை எழுதினவனுக்கு எழுதத் தெரியுது" என்றார். கடைசி வசனத்துக்கு வந்ததும், "இது தேவையில்லை" என்று நீலப்பேனையால் ஒரு கோடு கிழித்தார். பிறகு முத்திரை குத்தினார்.

என்ன சொன்னார்கள் என்று கோர்னேலிஸ் வாசலிலேயே நின்று கேட்டார். "இதை எழுதினவருக்கு எழுதத் தெரியும் எண்டு சொன்னவை" என்றேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது. கோடு கிழித்ததை நான் சொல்லவில்லை.

மத்தியானக் கப்பல்

சில மாதம் கழித்து, ஒரு காலையில், விமானத்தால் இறங்கிய நீங்கள் ஏறின கப்பல் நாப்போலியிலிருந்து வருகிறது என்று அவரிடம் விடுமுறை கேட்டேன்.

"போம், போம்," என்றார். "நானும் இன்றைக்குத்தான் உம்மைச் சாகடிக்கப் போகிறேன். நீர் பக்கத்தில் நின்றால் கை ஓடாது."

அப்படித்தான் நான் செத்தேன். அவர் நாலாம் மாடியில் யன்னலைச் சாத்திவிட்டு என் இருதயத்தை நிற்பாட்டிய நேரத்தில், நான் துறைமுகத்தில் நின்று, கப்பலின் வாய் திறப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாக இறங்கியது. ஒரு கட்டத்தில் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. கயிறு சுற்றுகிறவர்கள் மட்டும் நின்றார்கள். அந்த இடைவெளியில் நான் வாங்கைத் தேடினேன் என்பதை இன்றைக்குத்தான் சொல்கிறேன். எழுதினது பலித்துவிடும் என்று எனக்குப் பயம்.

பிறகு அம்மா வந்தா. படம் குத்திய சட்டையோடு ஜெசிந்தா. அம்மாவின் தோளில் அன்ரன். அவன் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. கப்பலில் குடித்த பாலையெல்லாம், நான் ஸ்திரிக்கை போட்டு உடுத்தியிருந்த சேட்டில் சத்தி எடுத்தான்.

ஜெசிந்தா, பாணில் பட்டர் பூசி, மேலே சொக்கலேற் துகள் தூவித் தந்த ஒரு வெள்ளைத்தாடித் தாத்தா உனக்கு ஞாபகம் இருக்கலாம். அவர்தான். அந்த மாரியிலேயே அவருக்குச் சுகமில்லாமல் போய், கோபித்திருந்த சகோதரிகளில் ஒருவர் வந்து கூட்டிப்போனார். அடுத்த வருடம் தன் ஊரில் கண்ணை மூடினார். அன்றைக்கு அங்கே மழை பெய்ததாகச் சகோதரி எழுதியிருந்தார். அவர் அதைப் பற்றி எழுதாமல் விட்ட முதல் மழை அதுவாக இருக்கும்.

இனி ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஜெசிந்தா, கடைசிப் பக்கத்தை நூலக அம்மாவுக்குத் திறந்து காட்டாதே.

திங்கள் காலை நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அம்மா வேலைக்கும் போனபிறகு, மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். வேலைக்குப் போக எனக்கு அரை மணித்தியாலம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தொம்மாசோ வாங்கில் இருக்கிறான். கப்பலின் வாய் திறக்கிறது. எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். அவனுடைய ஆட்கள் இல்லை. இருந்த இடத்திலேயே அவன் தலை சாய்கிறது. அதோடு நாவல் முடிகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கே அழுகை வந்தது.

நூலகப் புத்தகத்தில் கீறினதற்கு அன்ரனின் காதைத் திருகியவன் நான். எழும்பிப் போய் அவனுடைய பென்சிலை எடுத்துத் தீட்டினேன். கடைசி வரிக்குக் கீழே, வெள்ளையாகக் கிடந்த இடத்தில், தமிழில், சின்னதாக எழுதினேன்:

'வந்திட்டினம். மத்தியானக் கப்பல். சின்னவன் சத்தி எடுத்தவன்.'